கழித்தற் கணக்கும் வீட்டு மொழியும்

குழந்தைக்குக் கூட்டல் வந்துவிட்டது, கழித்தல்தான் வரவில்லை என்பது ஆறு, ஏழு வயதுப் பிள்ளைகள் உள்ள இல்லங்களில் அடிக்கடி கேட்கும் குறை. இது புதிய குறையன்று. நம் ஊருக்கு மட்டும் உரியதும் அன்று. நாட்டின் கிராமப்புறப் பிள்ளைகளிடையே நடைபெறும் 'அசர்' என்னும் கணிப்பில், இரண்டு இலக்கக் கழித்தலைத் தந்து, அதைப் போட வருகிறதா என்று பார்க்கிறார்கள். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் அதைச் செய்ய முடிந்தவர்கள் 2022ஆம் ஆண்டில் நூற்றுக்கு 25.9 பேர், 2024ஆம் ஆண்டில் 33.7 பேர். மூவரில் இருவருக்கு, ஆண்டு மூன்று பள்ளிக்குச் சென்ற பின்னும், கழித்தல் கைவரவில்லை என்பதே இதன் பொருள். கணக்கு நமக்கு வராது என்று ஒரு குழந்தை முதன்முதலாக முடிவு கட்டுவதும் பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

மைசூர் போன்ற நகரத்தில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இதனோடு இன்னொரு கவலையும் சேர்ந்துகொள்கிறது. பிள்ளை பள்ளியில் கணக்கைக் கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ கேட்கிறது. வீட்டில் பேச்சு தமிழ். தமிழில் சொல்லிக்கொடுத்தால் குழந்தை குழம்பும் என்று அக்கம்பக்கத்தார் சொல்கிறார்கள். கன்னடத்தில் சரளமாகப் பேச வராத தாய்மாரும் பாட்டிமாரும், கணக்கு நம் வேலையன்று, அது டியூஷன் ஆசிரியையின் வேலை என்று ஒதுங்கிவிடுகிறார்கள். இந்திய மொழிகளின் நடு நிறுவனம் 1969ஆம் ஆண்டிலும், தென் மாநிலங்களுக்கு ஆசிரியர்களைப் பயிற்றும் வட்டாரக் கல்விக் கல்லூரி (இன்று அது வட்டாரக் கல்வி நிறுவனம்) 1963ஆம் ஆண்டிலும் தோன்றிய ஊரிலேயே இந்த ஐயம் இன்னும் தீர்ந்தபாடில்லை. இரண்டு மொழிகளுக்கு நடுவே பிழைப்பு நடத்தும் மொழிபெயர்ப்பாளர் என்ற முறையில் நாம் சொல்லக்கூடியது இது: கழித்தலில் தாளில் எழுதும் பகுதி சிறிது; வாயால் பேசும் பகுதி பெரிது. அந்தப் பெரிய பகுதி வீட்டில் நடக்க வேண்டியது. குழந்தைக்கு நன்றாகத் தெரிந்த மொழியில் நடந்தால்தான் அது நடக்கும்.

எவ்வாறு என்று பார்ப்போம். கழித்தல் என்றவுடன் நாம் எடுத்துச் சொல்வது ஒரே வகை உதாரணம். தட்டில் பன்னிரண்டு ஏலக்கிப் பழங்கள் இருந்தன, நான்கைத் தின்றுவிட்டோம், மீதி எத்தனை? இருந்ததிலிருந்து எடுத்துவிடுவது, மிச்சத்தை எண்ணுவது. இது சரிதான், ஆனால் இது கழித்தலின் மூன்று முகங்களில் ஒன்றே. அக்காளுக்குப் பதினொரு வயது, தம்பிக்கு ஆறு. தம்பி எத்தனை வயது இளையவன்? இங்கே யாரும் எதையும் எடுத்துக்கொண்டு போகவில்லை. அக்காளின் வயதும் அப்படியே இருக்கிறது, தம்பியின் வயதும் அப்படியே இருக்கிறது. இரண்டுக்கும் நடுவேயுள்ள வித்தியாசத்தைக் கேட்கிறோம். எடுத்துப் போவதுதான் கழித்தல் என்று மட்டும் பழகிய குழந்தை இந்தக் கேள்வியில் திகைத்து, இரண்டு எண்களைக் கண்டவுடன் கூட்டிப் பதினேழு என்று சொல்லிவிடுகிறது. மூன்றாவது முகம் இது: நவராத்திரிக் கொலுவுக்கு ஏழு படி கட்டியிருக்கிறோம், நான்கு படிகளில் பொம்மை வைத்தாயிற்று, இன்னும் எத்தனை படி நிரம்ப வேண்டும்? இங்கே நாம் எடுக்கவில்லை, வைத்துக்கொண்டே போகிறோம். ஆயினும் இதுவும் கழித்தல்தான்.

இந்த மூன்றுக்கும் தமிழில் தனித்தனிச் சொற்கள் இருக்கின்றன. அவை வீட்டில் நாள்தோறும் புழங்குகின்றன. 'பத்தில் மூன்று போக ஏழு' என்கிறோம். 'பத்துக்கு மூன்று குறைகிறது' என்கிறோம். 'இன்னும் மூன்று வேண்டும்' என்கிறோம். மீதி, மிச்சம், பாக்கி, வித்தியாசம், கூடுதல், குறைவு என்று எத்தனை சொற்கள்! பள்ளிப் புத்தகத்தில் உள்ள சிறு கோடு ஒன்று இவ்வளவையும் ஒரே குறியில் அடக்கிவிடுகிறது. கோட்டைப் பார்ப்பதற்கு முன்பே இச்சொற்களைப் பொருளோடு கேட்டுப் பழகிய குழந்தைக்குக் கோடு அச்சம் தருவதில்லை.

பள்ளியில் கேட்பது வேறு மொழியன்றோ என்று கேட்கலாம். தமிழ் அறிந்த பிள்ளைக்குக் கன்னடக் கணக்கு அவ்வளவு தொலைவில் இல்லை. 'ஹத்தரல்லி மூரு களெதரெ ஏளு' என்று வகுப்பில் சொல்வதை, 'பத்தில் மூன்று களைந்தால் ஏழு' என்று சொல்லுக்குச் சொல் தமிழாக்கலாம். சொற்களின் வரிசைகூட மாற வேண்டியதில்லை. வயலில் முளைக்கும் களைக்கும் கணக்கில் களைவதற்கும் கன்னடத்தில் 'களெ' என்பதே சொல். 'எஷ்டு உளியுத்ததெ' என்றால் எவ்வளவு மிஞ்சுகிறது. 'இன்னூ எஷ்டு பேகு' என்றால் இன்னும் எவ்வளவு வேண்டும். கருத்து ஒரு மொழியில் ஊன்றிவிட்டால், மற்றொன்றில் கற்க வேண்டியது நாலைந்து தொடர்கள் மட்டுமே. கருத்தே ஊன்றாத குழந்தைக்கு எந்த மொழியில் கேட்டாலும் கேள்வி புரிவதில்லை. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, இயன்ற இடங்களில் ஐந்தாம் வகுப்பு வரையிலேனும் வீட்டு மொழியில் கற்பிக்கலாம் என்று கூறியதும் இந்த எண்ணத்தில்தான். இடம்பெயர்ந்து வாழும் நமக்கு அந்த வசதி பள்ளியில் கிட்டுவது அரிது. வீட்டில் கிட்டுவதை நாமே கைவிட வேண்டாம்.

மொழி உண்மையாகவே இடறக்கூடிய இடம் ஒன்று உண்டு, அதை மறைக்கலாகாது. தமிழில் எண்பதுக்கு அடுத்த பத்து தொண்ணூறு. பெயரில் நூறு என்ற ஓசை நிற்கிறது. எண்ணோ நூற்றுக்கு உட்பட்டது. எழுநூறு, எண்ணூறு, தொண்ணூறு என்று ஒரே வரிசையாகச் சொல்லிக்கொண்டு போகும் குழந்தையை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். எண்ணூற்றுக்கு அடுத்தது தொள்ளாயிரம். அங்கே ஆயிரம் வந்து நிற்கிறது. ஒன்பதோடு பத்து சேர்ந்து தொண்ணூறாவதையும், நூறு சேர்ந்து தொள்ளாயிரமாவதையும் தொல்காப்பியமே விதி கூறி விளக்கியிருக்கிறது. அவ்வளவு பழைய வழக்கு. கன்னடத்தில் எம்பத்து, தொம்பத்து என்றும், எண்டுநூரு, ஒம்பைநூரு என்றும் வரிசை நேராகச் செல்கிறது. ஆகவே வீட்டில் தொண்ணூறு என்றும் பள்ளியில் தொம்பத்து என்றும் கேட்கும் குழந்தை, நூறிலிருந்து பின்னோக்கி எண்ணும்போது தடுமாறினால் வியப்பில்லை. தில்லியிலும் பம்பாயிலும் உள்ள நம்மவர் பிள்ளைகளுக்குத் தொல்லை வேறு வகையானது. இந்தியில் 29ஐ உன்தீஸ் என்கிறார்கள். முப்பதுக்கு ஒன்று குறைந்தது என்பது அதன் கருத்து. பெயரில் முப்பதின் சாயல், எழுத்திலோ முதலில் இரண்டு! இதற்கு மருந்து எளியது. எண்ணை எழுத்தில் காட்டி, இரண்டு பெயர்களையும் அடுத்தடுத்துச் சொல்லச் செய்ய வேண்டும். 90 என்று தாளில் எழுதி, பத்துப் பத்தாகக் கட்டிய ஒன்பது கட்டுகளை முன்னே வைத்து, 'தொண்ணூறு, தொம்பத்து' என்று நாலு நாள் சொன்னால் போதும்.

கட்டுகள் என்றோம். கழித்தலைக் கற்பிக்க வீட்டில் வேறு சாதனம் தேவையில்லை. தென்னை ஈர்க்குகளைச் சமமாக ஒடித்து, பத்துப் பத்தாக நூலால் கட்டி ஒரு டப்பாவில் வைத்துக்கொள்ளலாம். தனி ஈர்க்குகள் பத்துப் பதினைந்து உதிரியாக இருக்கட்டும். புளியங்கொட்டை ஒரு கைப்பிடி வேண்டும். பல்லாங்குழி இருந்தால் நல்லது. கன்னடத்தார் அதனை அளகுளிமணெ என்பர். பலகை விளையாட்டுகளில் இந்த ஊருக்குத் தனிப் பற்று உண்டு. மும்மடிக் கிருஷ்ணராஜ உடையார் (1794–1868) தாமே பல விளையாட்டுகளை வகுத்தவர். ஜகன்மோகன அரண்மனைச் சுவர்களில் அவற்றின் கட்டங்களை இன்றும் காணலாம். அரசர் மதித்த விளையாட்டை அடுப்பங்கரையில் ஆடுவதில் குறைவொன்றும் இல்லை.

முதற்படி பத்துக்குள் இருக்கட்டும். பத்துப் புளியங்கொட்டைகளைக் குழந்தை எண்ணி வைக்கிறது. நாம் சிலவற்றைக் கையால் மூடுகிறோம். வெளியே ஆறு தெரிகிறது, கைக்குள் எத்தனை? குழந்தை சொல்லட்டும், பிறகு கையைத் திறந்து காட்டலாம். இந்த ஆட்டத்தில் குழந்தை எடுத்துப் போவதை எண்ணவில்லை. பத்துக்கு ஆறும் நாலும் என்ற உறவைக் கற்கிறது. ஒன்றும் ஒன்பதும், இரண்டும் எட்டும், மூன்றும் ஏழும், நாலும் ஆறும், ஐந்தும் ஐந்தும் என்ற இந்த ஐந்து இணைகள் விரலின் உதவியின்றி வாயில் வரும் வரையில் மேலே செல்ல வேண்டாம் என்பது நம் கருத்து. இதற்கு ஒரு மாதம் ஆனாலும் தாழ்வில்லை. அவசரப்படுகிற வீடுகளில்தான் பின்னால் அழுகை.

அடுத்தது பத்தைத் தாண்டிய கழித்தல். பதின்மூன்றில் ஐந்து போனால் எத்தனை என்று கேட்டால், குழந்தை விரலை மடக்கிக்கொண்டு, 'பதின்மூன்று, பன்னிரண்டு, பதினொன்று, பத்து, ஒன்பது' என்று ஐந்து பெயர்களைச் சொல்லி, ஒன்பது என்று முடிக்கும். விடை எட்டு. குழந்தைக்கு எண்ணத் தெரியாமல் இல்லை. நின்ற இடத்தையே முதல் அடியாக எண்ணிவிட்டது. இதைத் தாளில் திருத்த முயல்வது வீண். தரையில் சுண்ணக்கட்டியால் ஒன்று முதல் இருபது வரை கட்டம் போட்டு, பதின்மூன்றில் குழந்தையை நிறுத்தி, ஐந்து தாவு தாவச் சொல்ல வேண்டும். தாவிய பிறகுதான் வாய் திறக்கலாம் என்பது விதி. முதல் தாவலில் வாயில் வருவது பன்னிரண்டு. காலுக்குப் புரிந்தது பிறகு விரலுக்கும் புரியும். இதைவிட நல்ல வழி, பத்தில் ஒரு கால் ஊன்றிப் போவது: பதின்மூன்றில் மூன்று போகப் பத்து, ஐந்தில் இன்னும் இரண்டு போக வேண்டும், பத்தில் இரண்டு போக எட்டு. முன்னே கற்ற இணைகள் இங்கே பயன்படுவதைக் குழந்தையே கண்டுகொள்ளும்.

இனி, பெரும்பாலான பிள்ளைகள் தடுக்கி விழும் இடத்துக்கு வருவோம். 42இல் 17ஐக் கழிக்கச் சொல்கிறோம். குழந்தை 35 என்று எழுதுகிறது. கவனமில்லை என்று தந்தை கடிந்துகொள்கிறார். கவனமில்லாமையன்று, குழந்தை ஒரு விதியை மிகுந்த கவனத்தோடு பின்பற்றியிருக்கிறது. நாலில் ஒன்று போக மூன்று. ஏழில் இரண்டு போக ஐந்து. ஒவ்வொரு நிரையிலும் பெரியதிலிருந்து சிறியதைக் கழித்திருக்கிறது. அந்த விதியைக் கற்றுக்கொடுத்தவர்கள் நாம்தாம்: பெரியதிலிருந்துதான் சிறியதைக் கழிக்கலாம் என்று முதல் வகுப்பில் நாமே சொன்னோம். ஜான் சீலி பிரௌன், ரிச்சர்டு பர்ட்டன் என்னும் இரு அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் 1978ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், நிகராகுவா நாட்டுப் பிள்ளைகள் ஆயிரத்துக்கு மேற்பட்டோரின் கழித்தல் விடைகளை ஆராய்ந்தார்கள். (அந்நாட்டில்தான் 1974 முதல் வானொலி மூலமாகத் தொடக்கப்பள்ளிக் கணக்கைக் கற்பித்துப் பார்த்தார்கள், வானொலிக் கேட்போருக்கு இது மகிழ்ச்சி தரும் செய்தி.) பிள்ளைகளின் தவறுகளில் பல மனம்போன போக்கில் நேர்ந்தவை அல்ல, ஒவ்வொன்றுக்கும் பின்னே ஓர் ஒழுங்கான, ஆனால் பிழையான விதி இருக்கிறது என்பது அவர்கள் கண்டது. ஆகவே, 35 என்று எழுதிய குழந்தையிடம் தவறு என்று சொல்லி அழித்துவிடுவதால் விதி அழிவதில்லை. எப்படிச் செய்தாய் என்று கேட்க வேண்டும். தாய்மொழியில் கேட்டால் குழந்தை நீளமாகப் பதில் சொல்லும். பாதி தெரிந்த மொழியில் கேட்டால் தலையைக் குனிந்துகொள்ளும்.

அதன்பின் காசை எடுக்கலாம். பத்து ரூபாய்த் தாள்கள் நான்கு, ஒரு ரூபாய் நாணயங்கள் இரண்டு. ஆக 42 ரூபாய் குழந்தையின் கையில். தேவராஜ மார்க்கெட்டில் பூக்காரம்மாவாக நாம் உட்கார்ந்துகொண்டு, மல்லிகை பதினேழு ரூபாய் என்கிறோம். குழந்தை நாணயம் ஏழு தர வேண்டும், இருப்பதோ இரண்டு. ஏழில் இரண்டைக் கழித்துக்கொள் என்று எந்தப் பூக்காரியிடமும் சொல்ல முடியாது! ஒரு பத்து ரூபாய்த் தாளைச் சில்லறையாக மாற்றிக்கொண்டு வர வேண்டியதுதான். மாற்றிய பிறகு தாள் மூன்று, நாணயம் பன்னிரண்டு. மொத்தம் இன்னும் 42தான் என்பதைக் குழந்தை எண்ணிப் பார்க்கட்டும். இது முக்கியம். பன்னிரண்டில் ஏழு போக ஐந்து, மூன்றில் ஒன்று போக இரண்டு, கையில் 25. ஈர்க்குக் கட்டை அவிழ்த்தாலும் இதுவே நடக்கிறது. இன்று கடைத்தெருவில் பெரியவர்கள் கைப்பேசியைக் காட்டிப் பணம் செலுத்திவிடுவதால், சில்லறை கைமாறுவதைக் குழந்தைகள் காண்பதே குறைந்துவிட்டது. முன்பு கடைக்குப் போய்வந்த பிள்ளை தானாகக் கற்றதை இப்போது வீட்டில் விளையாட்டாக நடத்திக் காட்ட வேண்டியிருக்கிறது.

இதற்குக் 'கடன் வாங்கிக் கழித்தல்' என்று நாம் வழங்கும் பெயர் சற்று உறுத்துகிறது. பக்கத்து இடத்தில் கடன் வாங்கினோம், திருப்பிக் கொடுத்தோமா? இல்லை. விவரமான குழந்தை அதைக் கேட்டும் விடும். உண்மையில் திருப்பிக் கொடுக்கும் முறை ஒன்று இருந்தது. இன்றும் முதியோர் சிலர் அதைத்தான் போடுகிறார்கள். மேலே உள்ள இரண்டைப் பன்னிரண்டாக்கி ஏழைக் கழித்து, கீழே உள்ள ஒன்றை இரண்டாக்கி நாலிலிருந்து கழிப்பது அது. மேல் எண்ணுக்கும் கீழ் எண்ணுக்கும் பத்தைச் சமமாகக் கூட்டுவதால் வித்தியாசம் மாறுவதில்லை. அங்கே வாங்கிய கடன் தீர்ந்துவிடுகிறது. முறை மாறியும் பழைய பெயர் தங்கிவிட்டது. இன்று பள்ளிகளில் கற்பிப்பது பத்தை உடைத்து மாற்றும் முறை. தாத்தா ஒரு முறையும் ஆசிரியை ஒரு முறையும் சொன்னால், இரண்டும் சரியாயிருந்தும் குழந்தை நடுவில் அகப்பட்டுக்கொள்ளும். 1940களில் அமெரிக்காவில் வில்லியம் பிரௌனெல் இவ்விரு முறைகளையும் ஒப்பிட்டு ஆராய்ந்தார். காரணம் விளங்கக் கற்பித்தபோது, உடைத்து மாற்றும் முறையே பிள்ளைகளுக்கு நன்கு பயன்பட்டது என்று கண்டார். தாத்தா தம் முறையை ஓரிரண்டு ஆண்டு ஒத்திவைக்க வேண்டும் என்பதே நம் வேண்டுகோள். பெயரைப் பொறுத்தவரை, 'மாற்றிக் கழித்தல்' என்று சொன்னால் குழந்தைக்கும் புரியும், பொய்யும் ஆகாது.

நடுவில் பூச்சியம் வந்தால் பெரியவர்களே தயங்குகிறோம். 304இல் 126ஐக் கழிக்க வேண்டும். ஒற்றைக்குச் சில்லறை இல்லை. பத்தாம் இடத்திலும் ஒன்றும் இல்லை. காசால் பார்த்தால் புதிராகத் தோன்றாது. நூறு ரூபாய்த் தாள் ஒன்றைப் பத்துப் பத்து ரூபாய்த் தாள்களாக மாற்றி, அவற்றில் ஒன்றைப் பத்து நாணயங்களாக மாற்றுகிறோம். இப்போது நூறு இரண்டு, பத்து ஒன்பது, நாணயம் பதினான்கு. பதினான்கில் ஆறு போக எட்டு, ஒன்பதில் இரண்டு போக ஏழு, இரண்டில் ஒன்று போக ஒன்று: 178. பூச்சியத்தின் மேல் ஒன்பது எங்கிருந்து வந்தது என்பது, இருமுறை சில்லறை மாற்றிய குழந்தைக்குத் தெரியும். மனப்பாடம் செய்த குழந்தைக்குத் தெரியாது.

நூறு, ஆயிரம் போன்ற முழு எண்களிலிருந்து கழிக்கையில் இவ்வளவும் தேவையில்லை. பழைய கடைக்காரர் மீதி கொடுப்பது போல ஏறிப் போகலாம். நூறு ரூபாய் கொடுத்து 37 ரூபாய்க்குப் பொருள் வாங்கினால், 37க்கு மூன்று கொடுத்தால் நாற்பது, நாற்பதுக்கு அறுபது கொடுத்தால் நூறு. ஆக மீதி 63. பரமபதத்தில் 54ஆம் கட்டத்துப் பாம்பு 19இல் கொண்டுவந்து விட்டால் எத்தனை கட்டம் சறுக்கினோம் என்பதையும் இவ்வாறே காணலாம்: ஒன்று, முப்பது, நாலு, ஆக முப்பத்தைந்து. சற்று வளர்ந்த பிள்ளையோடு சாமுண்டி மலை ஏறுகிறவர்கள் இதையே படியில் செய்யலாம். மலைக்கு ஆயிரம் படி என்பது வழக்கு. தொட்ட தேவராஜ உடையார் பதினேழாம் நூற்றாண்டில் அமைத்தவை. ஏறிய படி 385 என்றால், மேலே எத்தனை மிஞ்சியது? ஐந்து ஏறினால் 390, பத்து ஏறினால் 400, பிறகு அறுநூறு. மூச்சு வாங்குகிற நேரத்தில் கணக்குப் போடுவது அப்பாவைக் காட்டிலும் பிள்ளைக்கு எளிதாயிருக்கும்.

விடை சரியா என்று நம்மைக் கேட்க விடக் கூடாது. மீதியோடு போனதைக் கூட்டிப் பார்த்து, முதலில் இருந்தது வருகிறதா என்று குழந்தையே தேர்ந்துகொள்ளட்டும். 25ஓடு 17 கூட 42. நாளொன்றுக்குப் பத்து நிமிடம் போதும். கணக்குத் தாளை எடுப்பது அதற்குப் பிறகுதான். தாளில் எழுதியதும் முதலில் தமிழில் ஒருமுறை படிக்கச் சொல்லலாம்: 'நாற்பத்திரண்டில் பதினேழு போக இருபத்தைந்து.' அதையே பள்ளி மொழியில் மறுமுறை படிக்கட்டும். அங்கே ஒரு சொல் தெரியாமல் நின்றால், மறுநாள் ஆசிரியையிடம் அந்த ஒரு சொல்லை மட்டும் கேட்டு வரச் சொல்லலாம்.